விளக்கு எரியாத அரைமணி

மாலை நாலரை. ஆகஸ்டு மாதத்து மும்பை. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மேடைக்கு மேலே கட்டிய தார்ப்பாயின் நடுவில் குளமாகத் தேங்கிய தண்ணீரை ஒருவர் மூங்கில் கழியால் நெம்பிக் கீழே தள்ளுகிறார். மேடையின் பின்பாதியில், உயரப் பலகைமேல், பெரிய குழுவின் டிரம்ஸ் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடக் கூடாது. அதற்கு முன்னால் மிஞ்சிய இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த பழைய கம்பளத்தை விரிக்கிறான். கம்பளம் இல்லாவிட்டால் கிக் டிரம் ஒவ்வோர் உதைக்கும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்துகொண்டே போகும், நாலாவது பாட்டில் கால் எட்டாது. பெரிய டிரம்களை அமைப்பாளர் தருவார். ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றும் அவரவர் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் உடைவது அவைதான்.

ராக் விழாக்களில் இதற்கு ஓப்பனிங் என்று பெயர். பேர் பெற்ற குழு இரவில் வாசிப்பதற்கு முன், பேர் இல்லாத குழுக்கள் பகலில் வாசிப்பது.

சவுண்ட் செக்கில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை தலைகீழாகப் போகும். கடைசியில் வாசிப்பவர் முதலில் சோதிப்பார், முதலில் வாசிப்பவர் கடைசியில். பேச்சளவில் இது புதியவர்களுக்குச் சாதகம். கடைசியாக வைத்த அளவுகள் மிக்ஸரில் அப்படியே நிற்கும், இறங்கி ஏறாமல் உடனே தொடங்கலாம். நடப்பது வேறு. பெரிய குழுவின் சோதனை இழுத்துக்கொண்டே போகும், கேட்டைத் திறக்கும் நேரம் வந்துவிடும், புதியவர்களுக்கு மிஞ்சுவது லைன் செக். கிதாரில் சத்தம் வருகிறதா, வருகிறது. மைக்? வருகிறது. சரி, ஆரம்பி. தன் குரல் தனக்கே கேட்காத நிலையில் பாடகன் முதல் பாட்டை எடுப்பான். ஈரக்காற்றில் கிதாரின் சுருதி பிசகியிருக்கும். வெயில் இருக்கிறவரை மேடை விளக்குகளைப் போட்டும் பயனில்லை. எதிரே இருப்பவர்கள் கல்லூரி நண்பர்கள், ஒரு தங்கை, இரவுக் கச்சேரிக்கு முன்வரிசை பிடிக்கச் சீக்கிரம் வந்தவர்கள். அவ்வளவுதான்.

விளக்கு எரியாத அந்த அரைமணியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெரிய குழுக்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அந்த அரைமணி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தீர்மானித்தது திறமை மட்டுமே என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேடை எந்த நிலத்தின்மேல் நின்றது, அதற்கு எந்த ரயிலில் போகலாம், ஒத்திகைக்கு வீட்டில் எத்தனை சதுர அடி இருந்தது: இவையும் சேர்ந்துதான் தீர்மானித்தன. மும்பையின் குப்பைமேட்டை ஒட்டிய கோவண்டியில் இருந்துகொண்டு பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

மும்பையில் இந்த வழக்கத்தின் தாய்வீடு இண்டிபெண்டன்ஸ் ராக். சுருக்கமாக ஐ-ராக். 1986-இல் இசைக்கலைஞர் ஃபர்ஹாத் வாடியா தொடங்கியது. சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு நாள். நாடெங்கிலுமிருந்து புதுக் குழுக்கள் ஆடிஷனுக்கு வரும், தேறியவை பகல் வெளிச்சத்தில் மேடையேறும், இருட்டிய பிறகு பேர் பெற்ற குழுக்கள். நெடுங்காலம் இது நடந்த இடம் தோபி தலாவின் ரங் பவன், செயின்ட் சேவியர் கல்லூரியை ஒட்டிய திறந்தவெளி அரங்கு. அந்த அரங்குக்கு அதற்கு முன்பே ஒரு பெருமை உண்டு. 1978-இல் முதல் ஜாஸ் யாத்ரா விழா அங்கேதான் நடந்தது, சாக்ஸபோன் மேதை சானி ராலின்ஸ் வந்து வாசித்தார். அப்படிப்பட்ட பலகையின் மேல் ஒரு கல்லூரிப் பையன் தன் கம்பளத்தை விரிக்க முடிந்தது.

ரயில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கோவண்டியிலிருந்து ஹார்பர் லைனில் ஏறினால் செம்பூர், குர்லா, வடாலா, சிவ்டி, டாக்யார்டு ரோடு, மஸ்ஜித், கடைசியாக சிஎஸ்எம்டி. முக்கால் மணியை ஒட்டிய பயணம். இறங்கி ஆசாத் மைதானத்து ஓரமாக நடந்தால் ரங் பவன். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரலாம். சிம்பல் பையையும் ஸ்னேரையும் வைத்துக்கொண்டு சாதாரண டப்பாவில் ஏறினால் ஏச்சு விழும். லக்கேஜ் டப்பாவில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்று வரலாம். டாக்சி வேண்டியதில்லை. மேடை ரயிலடியில் இருந்தது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். காசில்லாத குழுவுக்கு அதுதான் பாதி வாசல்.

தமிழருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மார்கழியில் சென்னை சபாக்களைப் பாருங்கள். நண்பகல் கச்சேரி இளையவர்களுக்கு, பெரும்பாலும் டிக்கெட் இல்லை. பிற்பகல் சற்றே வளர்ந்தவர்களுக்கு. மாலை ஆறே முக்காலுக்குப் பெரிய வித்வான். பகல் கச்சேரிக்கு வருபவர் பத்து இருபது பேர்தான், ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒரு சபா காரியதரிசி இருக்கலாம், ஒரு விமர்சகர் இருக்கலாம். ஒரு படி ஏற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். படிக்கட்டு இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

மும்பையில் மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்தா அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியர்கள் 1952-இல் சபாவாகத் தொடங்கி, 1963-இல் கட்டி முடித்த அரங்கு. மூவாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக உட்காரலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது கர்நாடக சங்கீதத்தின் கோயில். அதே அரங்கில்தான் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிம்லா பீட் போட்டியின் இறுதிச் சுற்றுகள் நடந்தன. ஒரு சிகரெட் நிறுவனம் தன் பிராண்டின் பெயரில் நடத்திய, அமெச்சூர் பீட் குழுக்களுக்கான அகில இந்தியப் போட்டி. சென்னை, கல்கத்தா, பெங்களூர், ஷில்லாங் எனப் பல ஊர்ப் பையன்கள் வந்தார்கள். 1970, 1971 ஆண்டுகளின் குழுக்களைத் தொகுத்து இரண்டு இசைத்தட்டுகள் வெளியாயின. இன்று பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் உலகெங்கும் தேடுவது அவற்றைத்தான். ஆலாபனைக்கென்று கட்டிய மேடையில் ஃபஸ் கிதார் உறுமியதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. தென்னிந்தியர் கட்டிய மேடை இந்திய ராக்கின் முதல் படிகளில் ஒன்று.

அந்தக் காலத்துப் புதுக் குழு எதை வாசித்தது என்பது முக்கியம். பெரும்பாலும் பிறர் பாட்டு. டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட், பின்னால் அயர்ன் மெய்டன். கேசட்டில் கேட்டதை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தால் கைதட்டல், சொந்தப் பாட்டு என்று அறிவித்தால் முணுமுணுப்பு. பம்பாயின் ராக் மெஷின் இந்தப் பழக்கத்தை உடைத்த குழுக்களில் முதன்மையானது. 1988-இல் சொந்தப் பாடல்களோடு 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது, பிறகு 1993-இல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரவு மேடையில் இருப்பவர்களே சொந்தப் பாட்டு பாடத் தொடங்கியதும் பகல் மேடைக்கும் துணிச்சல் வந்தது. ஓப்பனிங்கின் பயன் இதில்தான் எனக்குத் தெரிகிறது. பையன்கள் கீழே இறங்கி வந்து, அதே மேடையில் தங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள் எதைச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். டியூனரை எங்கே வைக்கிறார்கள், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் என்ன பேசுகிறார்கள், கம்பி அறுந்தால் என்ன செய்கிறார்கள். எந்தப் பள்ளியும் சொல்லித் தராத பாடம். குருகுலத்தில் தம்பூராவுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றது போலத்தான்.

கூட்டம் இரக்கம் காட்டாது. பிடிக்காவிட்டால் பெரிய குழுவின் பெயரைச் சொல்லிக் கத்தும். பிளாஸ்டிக் பாட்டில் பறந்து வரும். தோள் சிவக்க அதைத் தாங்கிக்கொண்டு நாலாவது பாட்டை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

காசு விஷயமும் உண்டு. ஓப்பனிங் குழுவுக்குப் பணம் கொடுப்பது அரிது. மேற்கு நாடுகளில், பெரிய குழுவின் சுற்றுப்பயணத்தில் இடம் பிடிக்கச் சின்னக் குழு பணம் கட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. இங்கே அது டிக்கெட் உருவத்தில் வரும். எனக்குத் தெரிந்த செம்பூர்ப் பையன்கள் நாலு பேரிடம் ஓர் அமைப்பாளர் நாற்பது டிக்கெட் விற்றால் இடம் என்றார். சொந்தக்காரர், டியூஷன் வாத்தியார், மாடி வீட்டு அங்கிள் என்று யாரையும் விடாமல் விற்றார்கள். அன்று பதினோரு நிமிடம் வாசிக்கவிட்டு மைக்கை நிறுத்தினார்கள். அதில் பேஸ் வாசித்தவன் வாத்தியத்தை அடுத்த மாதமே விற்றுவிட்டான்.

ரங் பவனுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் இந்தத் தடையை நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ரங் பவனுக்கு ஒரு பக்கம் கல்லூரி, இன்னொரு பக்கம் காமா மருத்துவமனை. 2008 நவம்பர் 26 இரவு, மும்பைப் பயங்கரவாதத் தாக்குதலின்போது, காவல்துறை அதிகாரி ஹேமந்த் கர்கரேயும் உடன் இரண்டு காவல் அதிகாரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மருத்துவமனையை ஒட்டிய ரங் பவன் சந்தில்தான் என்றால், எத்தனை நெருக்கமான இடம் என்று புரியும். இந்த விதிகளால் 2003 வாக்கில் அங்கே கச்சேரிகள் நின்றன.

இதில் சட்டத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. காமா பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை. பிரசவ வலியில் கிடப்பவளின் ஜன்னலுக்கு வெளியே டபுள் பேஸ் டிரம் இடிக்க வேண்டியதில்லை. என் ஆற்றாமை வேறு: மூடிய அரங்குக்கு ஈடாக, ரயிலடியில், குறைந்த வாடகையில் இன்னொன்றை இந்த நகரம் தரவில்லை. ஐ-ராக் அந்தேரியின் சித்ரகூட் மைதானம் போன்ற இடங்களுக்குப் போனது. 2013-க்குப் பிறகு நின்றது. பெரிய குழுக்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு கிளப் இருந்தது, கம்பெனி விழா இருந்தது, வெளிநாடு இருந்தது. டெல்லியின் பரிக்ரமா 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டனுக்கு முன் வாசித்து, அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கே போய்வந்தது. ஆனால் அது 1991-இல் தொடங்கிய குழு. பதினாறு ஆண்டு படியேறிய பிறகு கிடைத்த இடம். கீழ்ப்படிகளை எடுத்துவிட்டால் அடுத்த பரிக்ரமா எங்கிருந்து ஏறும்?

பத்து மணிக் கெடு இன்னொன்றையும் செய்தது. இது வெளியே தெரியாதது. முன்பு நிகழ்ச்சி தாமதமானால் இரவு நீளும். இப்போது இரவுக்கு ஒரு சுவர் இருக்கிறது. மழையோ ஜெனரேட்டரோ ஒரு மணி நேரத்தைத் தின்றால், அந்த ஒரு மணியைப் பின்னால் தள்ள முடியாது, எங்கேயாவது வெட்ட வேண்டும். டிக்கெட் விற்றது பெரிய குழுவின் பெயரால், அதை வெட்ட முடியாது. ஆக முப்பது நிமிடம் இருபதாகும், இருபது பன்னிரண்டாகும், கடைசியில் ஒரு குழுவின் பெயரே அடிபடும்.

படிக்கட்டு முற்றிலும் அழிந்துவிடவில்லை. அதன் ஒரு துண்டு கல்லூரி விழாக்களுக்குள் போய்விட்டது. பவாயில் ஐஐடியின் மூட் இண்டிகோவில் லைவ்வயர் என்ற குழுப் போட்டி, சென்னை ஐஐடியின் சாரங்கில் டெசிபல்ஸ். 2009-இல் பவாய்க்கு பார்க்குபைன் ட்ரீ வந்தது, சாரங்குக்கு ஸ்வீடனின் ஓபெத் வந்தது. உலகத்தரக் குழு வாசிக்கும் அதே விழாவில் மாணவக் குழுவும் வாசிக்கிறது என்பது நல்ல விஷயம். ஆனால் அந்த வாசலுக்குக் கல்லூரி அடையாள அட்டை வேண்டும், ஆங்கிலப் பழக்கம் வேண்டும், கிதார் வாங்கித் தரும் அப்பா வேண்டும்.

கோவண்டியில் அப்பாக்கள் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1927 முதல் நகரத்தின் குப்பை வந்து விழும் தேவ்னார் மேடு, அதன் நிழலில் குடிசைகள், அவற்றோடு சாலைக்கும் ரயில்பாதைக்கும் இடம்விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிகள். நட்வர் பாரேக் காம்பவுண்ட் அப்படியான ஒன்று. ஒரு வீடு 225 சதுர அடி. டிரம்ஸ் ஒரு செட் விரிக்க ஆறுக்கு ஆறு அடி வேண்டும், 36 சதுர அடி, வீட்டில் ஆறில் ஒரு பங்கு. அது போடும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். எதிர்க் கட்டடத்து ஜன்னல் கைநீட்டும் தூரம். ஜாம் பேட் என்று மும்பைக் குழுக்கள் சொல்லும் வாடகை ஒத்திகை அறை மணிக்கு இத்தனை என்று காசு கேட்கும். ராக் குழுவுக்கு நாலு பேர், நாலு வாத்தியம், ஓர் அறை வேண்டும். ஐ-ராக் ஆடிஷன் வாசல் யாருக்கும் மூடியிருக்கவில்லை. அந்த வாசல்வரை வந்து சேரத்தான் கோவண்டியில் வழியில்லை.

அதனால் இங்கே இசை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கணபதி வந்தால் பேஞ்சோ பார்ட்டிகளைப் பார்க்க வேண்டும். பேஞ்சோ என்று இங்கே சொல்வது டைப்ரைட்டர் போல விசை வைத்த புல்புல் தாராவை. அதற்கு மின்சாரம் கொடுத்து, தள்ளுவண்டியில் ஸ்பீக்கர் அடுக்கி, டாஷாவும் டோலும் சேர்த்து ஊர்வலத்தில் வாசிப்பார்கள். வாசிப்பவர்கள் பகலில் எலெக்ட்ரீஷியன், டிரைவர், தையற்காரர். அமெச்சூர் பேண்ட் என்றால் இதைவிட அசலான அமெச்சூர் பேண்ட் எது? ஆனால் ராக் விழா மேடையில் பேஞ்சோ பார்ட்டி ஓப்பனிங் வாசித்து நான் பார்த்ததில்லை. சத்தத்தில் ஒரு ராக் குழுவுக்கும் சளைத்தவர்கள் இல்லை இவர்கள். இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், ஒன்றையொன்று பார்க்காமலே நடந்தன.

அடுத்த தலைமுறை அறை கேட்காத இசையைத் தேர்ந்துகொண்டது. ராப்புக்கு வாய் போதும், பீட் போனில் இருக்கிறது, நண்பன் வாயாலேயே பீட்பாக்ஸ் அடிப்பான். சந்து முனையில் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவதை சைஃபர் என்கிறார்கள். அதில் ஓப்பனிங் கிடையாது, வட்டத்துக்குள் காலை வைத்தவனுக்கு அந்த நிமிடம் சொந்தம். தாராவியில் தமிழ், இந்தி, மராத்தி கலந்து பாடிய டோப்அடெலிக்ஸ் குழு இப்படி வளர்ந்து, 2018-இல் பா. ரஞ்சித்தின் 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணனின் இசையில் பாடியது. அதே ஆண்டு ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கானாவும் ராப்பும் ராக்கும் சேர்த்து தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியது. எந்தப் பெரிய குழுவுக்கும் ஓப்பனிங் வாசிக்காமல், தங்களுக்கென்றே போட்ட மேடையில். படிக்கட்டில் இடம் தராத இடத்தில் வேறு வழி வெட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

2023 பிப்ரவரியில் நட்வர் பாரேக் காம்பவுண்டிலேயே கோவண்டி கலைவிழா நடந்தது. கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சி என்ற அமைப்பு ஐந்து நாள் நடத்தியது. நாடகம், புகைப்படம், திரைப்படம், ராப் என்று அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே முன்கூட்டிப் பயிற்சி கொடுத்து மேடையேற்றினார்கள். காகித விளக்குகள் செய்து தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ராக் விழா இல்லைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது, மேடை ரயிலேறிப் போகாமல் இங்கே வந்தது. பாடுபவனின் பாட்டி ஜன்னலில் நின்று பார்த்தாள். டிக்கெட் விற்கச் சொல்ல யாரும் இல்லை. வெளிச்சம் விழுந்த நேரமும் அவர்களுக்கே கிடைத்தது, காரணம் அன்று அவர்களுக்குப் பின்னால் வரிசையில் பெரிய குழு எதுவும் காத்திருக்கவில்லை.

இதற்குச் சில மாதம் முன்பு, 2022 நவம்பர் 5, 6 தேதிகளில், ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஐ-ராக் திரும்பி வந்தது. இடம் மஸ்காவ் துறைமுகப் பக்கத்து பேவியூ லான்ஸ். டாக்யார்டு ரோடு ஸ்டேஷனிலிருந்து எட்டிவிடலாம், மறுபடியும் எங்கள் ஹார்பர் லைன். 2023 ஜனவரியில் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் லோலாபலூசா என்ற வெளிநாட்டு இசைவிழாவின் முதல் இந்தியப் பதிப்பு வந்தது. அங்கே பல ஆயிரம் ரூபாய் டிக்கெட், பல மேடைகள், பகலில் வாசித்தவர்களில் இந்தியக் குழுக்கள் பல. பெரிய நிறுவனங்களின் பணம் வந்திருக்கிறது, ஒலி நன்றாக இருக்கிறது, கழிப்பறைகூடச் சுத்தமாக இருக்கிறது. இதெல்லாம் வரவேற்க வேண்டியதே. ஆனால் இந்தப் பகல் மேடைகளில் ஏறுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆல்பம் போட்டு, மேனேஜர் வைத்துக்கொண்டவர்கள். கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வரும் பையன் அவர்களுக்கும் கீழே இருக்கிறான்.

அவனுக்கு விழாவைவிட முன்னதாக வேண்டியது ஓர் அறை. கோவண்டி, மான்குர்து, தேவ்னார் மூன்றும் மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டு. இங்கே மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன, மணியடித்த பிறகு வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தடிமனான சுவரும் மூடிய ஜன்னலும் உள்ள ஓர் அறை, அதில் இரண்டாம் கை டிரம்ஸ் ஒரு செட், இரண்டு ஆம்ப், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை முறைவைத்துச் சாவி. பேஞ்சோ பார்ட்டிக்கு திங்கள், ராப் பிள்ளைகளுக்கு செவ்வாய், மற்ற நாள் யார் கேட்டாலும். கிக் பெடலோடு லக்கேஜ் டப்பாவில் ஏறி ஊரைச் சுற்றும் பையன் கோவண்டி ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்துவிடலாம்.